பாவை காத்த மலை

எழுபது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 1/70, 2/70 என்று... பரீட்சை மார்க் மாதிரி!

காரவள்ளி அடிவாரத்தில் பஸ் ஏறத் தொடங்கியபோது பிள்ளைகள் எல்லாம் கோரஸாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். இருபதைத் தாண்டியதும் சத்தம் குறைந்தது. முப்பத்தைந்தாவது வளைவில் எனக்கு முன் சீட்டுப் பையன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டான். நான் நாற்பது வரை தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் நடந்ததை விட்டுவிடுவோம்.

பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் மடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, "மோந்து பாரு தம்பி, சரியாப் போயிரும்" என்றார். எண்பது வயது இருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். "இந்த ரோடு இல்லாத காலத்துல வெளியூர்க்காரங்க எப்படி வருவாங்க?" என்று கேட்டேன்.

"எங்க வந்தாங்க? பயந்துக்கிட்டு கீழேயே இருந்தாங்க" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால், கொல்லிமலையின் இரண்டாயிரம் வருடச் சரித்திரத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு கொல்லிமலை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். ஊட்டி, கொடைக்கானல் போலப் பெரிய ஓட்டல்களோ, குதிரைச் சவாரியோ கிடையாது. பலா, அன்னாசி, மிளகு, வாழை... நடுநடுவே நெல் வயல்கள். இந்தச் சின்ன மலைக்குச் சங்கப் பாடல்களில் கிடைத்திருக்கும் இடம் பெரிது. அதற்கு இரண்டு பேர் காரணம். ஒருத்தி பாவை, ஒருவன் ஓரி.

முதலில் பாவை. மலையின் மேற்குச் சரிவில் ஒரு பெண்ணின் உருவம் இருந்ததாம். மனிதன் செய்ததல்ல, பூதம் செய்தது. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், பூமியே குலுங்கினாலும் அவள் அழகு குறையாது என்று நற்றிணைப் பாடல் ஒன்று சொல்கிறது. காதலியின் அழகுக்கு உவமை தேடிய புலவர்கள் திரும்பத் திரும்ப இந்தப் பாவையிடம்தான் போனார்கள்.

பிற்காலத்தில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. மலைக்கு வரும் அந்நியனைப் பார்த்து அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் மயங்கிக் கிட்டப் போனவன் திரும்ப மாட்டான்! சங்க காலத்து அழகி, மலைக்கு வாட்ச்மேன் ஆகிவிட்டாள். இன்று எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவள்தான் அந்தப் பாவை என்று கும்பிடுகிறவர்கள் நிறைய பேர்.

அடுத்து ஓரி. செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசாங்கமே விழா எடுக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, கடைசியாகப் புற்றிலிருந்த உடும்பு வரைக்கும் துளைத்த வில்லாளி என்று வன்பரணர் பாடிவைத்தார். அதே பாடலில் இன்னொரு காட்சியும் உண்டு. காட்டில் எதிர்ப்பட்ட வேடன் யாரென்று தெரியாமலே பாணர் கூட்டம் பாட்டு பாடுகிறது. அவன்தான் ஓரி! புகழ்ச்சியைக் கேட்டு வெட்கப்படுகிறான். வேட்டையாடிய மான் கறியையும் குடிக்க மதுவையும் கொடுத்துவிட்டு, 'காட்டில் இருக்கிறேன், இவ்வளவுதான்' என்று நிறுத்தவில்லை. தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் சேர்த்தே தருகிறான்.

இப்படிப்பட்டவன் எப்படிச் செத்தான் தெரியுமா? திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்றான். கொன்றுவிட்டு மலையைத் தானும் வைத்துக்கொள்ளவில்லை. சேரனுக்குக் கொடுத்துவிட்டான். காரி ஓரியின் தெருவுக்குள் நுழைந்தபோது ஊரே ஒரே ஆரவாரமாக இருந்தது என்று கபிலர் பாட்டில் ஒரு குறிப்பு வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த கடையெழு வள்ளல்கள் பட்டியலில் ஓரியும் இருக்கிறான், அவனைக் கொன்ற காரியும் இருக்கிறான். காரி வள்ளல்தான், சந்தேகமில்லை. மலையையே தூக்கிக் கொடுத்தவன் ஆயிற்றே! ஆனால், அது அடுத்தவன் மலை.

சேரர்கள் கொல்லித் தலைவன் என்ற பட்டத்தைப் பெருமையாகச் சூட்டிக்கொண்டார்கள். அப்புறம் ராஜ்ஜியங்கள் மாறின. மலை மேல் இருந்த காட்டை மட்டும் யாரும் பெரிதாக அசைக்கவில்லை. ஏன்?

பி.காம். படித்தவன் புத்தி, பாவை காத்தாள் என்று எழுதிவிட்டுக் கணக்கை மூட மறுக்கிறது. வேறொரு காவல்காரன் இருந்தான். அவன் பெயர் மலேரியா.

வெள்ளைக்காரன் கதையைப் பாருங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் பக்கத்திலிருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுபோனார். ஏற்காடு வளர்ந்தது. பங்களா, சர்ச், எஸ்டேட் எல்லாம் வந்தன. கொல்லிமலையும் கூப்பிடு தூரம்தான். மண்ணும் மழையும் நன்றாகவே இருந்தன. ஆனால் அதற்குக் 'காய்ச்சல் மலை' என்று கெட்ட பெயர். ஏறியவன் குளிரில் நடுங்கிக்கொண்டு இறங்கினான். கொல்லி என்ற பெயரே கொல்லும் நோயால் வந்தது என்று சொல்வோரும் உண்டு. சிரித்துக் கொல்லும் பாவையும், குளிர்காய்ச்சலில் பிதற்றிச் செத்த வழிப்போக்கனும் ஒரே கதையின் இரண்டு பக்கங்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், ஆதாரம் கேட்காதீர்கள்.

அந்தக் காய்ச்சலோடு வாழப் பழகியவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், அதனால் மலையாளிகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள், சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் வாய்வழியாகச் சொல்லும் வரலாறு. மலையைப் பல நாடுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு... இன்றைக்கும் பஞ்சாயத்துகளுக்கு அதே பெயர்தான். சாமை, தினை, கேழ்வரகு விதைத்தார்கள். உப்புக்கும் துணிக்கும் மட்டும் கீழே இறங்கினார்கள்.

1953-ல் மத்திய அரசு தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. "வீட்டுக்கு வீடு வெள்ளையா மருந்து அடிச்சாங்க. நான் அப்பச் சின்னப் பையன்" என்று பஸ்ஸில் பெரியவர் சொன்னது அதைத்தான். நல்லதுதானே? சந்தேகமே இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள். பின்னாலேயே ரோடு வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. காட்டைக் காப்பாற்ற மனிதன் காய்ச்சலில் சாக வேண்டும் என்று எவனாவது சொன்னால் அவனைச் சும்மா விடக்கூடாது.

ஆனால், அந்த ரோட்டில் லாரியும் ஏறியது. லாரியோடு மரவள்ளிக்கிழங்கும் ஏறியது. சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு எத்தனை கிழங்கு கொடுத்தாலும் போதாது. கிழங்கை வெட்டினால் கையில் காசு. சாமை விதைத்தால் வீட்டுக்குச் சோறு, அவ்வளவுதான். மிளகுக்கொடி படர ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு, 'ஆஹா, எவ்வளவு காடு!' என்று நான் வாயைப் பிளந்தது பாதிக்குமேல் அந்த மரங்களைப் பார்த்துத்தான். பெரியவர், "அது தோட்டம் தம்பி, காடு இல்ல" என்று திருத்தினார்.

இந்த ஏமாற்றம் நமக்கு மட்டுமல்ல. பிரிட்டனில் வேல்ஸ் என்றொரு மலைநாடு. முதல் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் காடு என்று மிஞ்சியது மொத்த நிலத்தில் இருபதில் ஒரு பங்குதான். பதறிப்போய் 1919-ல் வனக் கமிஷன் அமைத்தார்கள். சீக்கிரம் வளரும் ஊசியிலை மரங்களை, அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த இனத்தை, வேல்ஸ் மலைகளில் வரிசை வரிசையாக நட்டார்கள். மலை பச்சையானது. ஆனால், பழைய ஓக் மரமும், அதில் படரும் பாசியும், கூடு கட்டும் பறவையும் அந்த இருட்டுக்குள் பிழைக்க முடியவில்லை. இப்போது பல இடங்களில் அந்த மரங்களை வெட்டிவிட்டுப் பழைய காட்டைத் திரும்ப வரவழைக்கப் பாடுபடுகிறார்கள். நூறு வருஷம் கழித்து!

மறுநாள் காலை, ஆகாய கங்கைக்குப் போனேன். அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான படிகள் இறங்க வேண்டும். அய்யாறு அங்கே ஆகாயத்திலிருந்து கொட்டுவது போலத்தான் கொட்டுகிறது. இறங்கும்போது கவிதை, ஏறும்போது கால்வலி. அந்தக் கோயிலின் தலபுராணத்தில் ஒரு கதை: ஆற்று மீனைப் பிடித்து அறுத்துச் சமைத்தார்கள், அது மறுபடி உயிர்பெற்று ஆற்றுக்குள் துள்ளி விழுந்தது. அதனால் அங்கே மீனுக்குப் பொரி போடுவார்கள், தூண்டில் போட மாட்டார்கள்.

பிற்பகல், பெரியவர் சொன்னபடி அவர் ஊருக்குப் போனேன். ஊர் ஓரத்தில் ஒரு கோயில் காடு. இரண்டு, மூன்று ஏக்கர் இருக்கலாம். "செருப்பைக் கழட்டிட்டு வா. ஒரு சுள்ளியக்கூட எடுக்கக் கூடாது" என்றார். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. காலுக்குக் கீழே மெத்தை போல இலைச் சருகு. நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். சில்வர் ஓக் ஒன்றுகூட இல்லை. நடுவில் சாமி என்று சொல்லக் கல் ஒன்றுதான். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் மரவள்ளி.

"எடுத்தா என்ன ஆகும்?" என்றேன்.

"சாமி கண்ணைப் பிடுங்கிரும்னு எங்கப்பன் சொன்னாரு. நான் நம்பினேன். என் மகன் பாதி நம்புறான். பேரன் நாமக்கல்லுல காலேஜ் படிக்கிறான்" என்றார். பேரனைப் பற்றி அதற்குமேல் சொல்லவில்லை.

வீட்டில் அவர் மனைவி காபி கொடுத்தார். நான் பட்டணத்துக்காரன் தோரணையில், "சாமை எவ்வளவு சத்து! அதைப்போய் விட்டுட்டீங்களே அம்மா" என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"நீங்க பேசுவீங்க தம்பி. குத்துனது யாரு? விடியறதுக்கு முன்னால எந்திரிச்சு உரல்ல குத்தி, புடைச்சு, மறுபடி குத்தி... கையைப் பாருங்க. ரேஷன் அரிசி வந்துச்சு, விட்டோம்."

எனக்குப் பதில் வரவில்லை. 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். உரலில் குத்த வேண்டாம். எந்தக் கணக்குப் போட்டாலும் அந்த அம்மாவின் கணக்குதான் சரி.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்க முயன்று வருகிறது. 'சாமை சாப்பிடுங்கள்' என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போகாமல், கிராமங்களில் உமி நீக்கும் சின்ன மெஷின்களை வைத்தார்கள். விதை வங்கி தொடங்கினார்கள். பெண்கள் குழுக்கள் சாமை அரிசியைப் பாக்கெட் போட்டு விற்றன. உரல் போனதும் சாமை கொஞ்சம் பிழைத்தது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் சாமை அரிசியின் விலையைப் பார்த்தால் அந்த அம்மா மயக்கம் போட்டு விழுந்துவிடுவார். அந்த விலையில் மலைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாயிரம் வருஷம் இந்தக் காட்டைப் பயம் காத்தது. பாவை, காய்ச்சல், கண்ணைப் பிடுங்கும் சாமி... மூன்றில் இரண்டு போய்விட்டது. மூன்றாவதுக்குப் பேரன் காலம் வரைக்கும் கியாரண்டி இல்லை. பயம் போன இடத்தில் லாபக் கணக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைத் திட்டிப் பயனில்லை. காட்டை விட்டுவைப்பவனுக்கும், சாமை விதைப்பவளுக்கும் நஷ்டம் வராதபடி அந்தக் கணக்கை நாம்தான் மாற்றி எழுத வேண்டும். இல்லையென்றால், அடுத்தவர் மலையைத் தானம் கொடுத்த காரிக்கும், வாரக்கடைசியில் வந்து 'இயற்கையைக் காப்போம்' என்று சொல்லிவிட்டுப் போகிற நமக்கும் என்ன வித்தியாசம்?

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு மஞ்சள் பையைக் கையில் திணித்தார். ஒரு படி சாமை. "மெஷின்ல அடிச்சதுதான். நான் குத்தல" என்றார், சிரித்துக்கொண்டே.

காசு கொடுக்கப் போனேன். பெரியவர் தடுத்துவிட்டார். ஓரியின் மலை இல்லையா!