பனிப்பெட்டியில் ஒரு சிறுநீரகம்

மனிதரிடமிருந்து மனிதருக்கு முதன்முதலில் சிறுநீரகம் மாற்றியவர் உக்ரைனின் யூரி வொரொனோய். 1933-இல், இறந்து ஆறு மணி நேரம் ஆன ஒருவரின் சிறுநீரகத்தை ஓர் இளம்பெண்ணுக்குப் பொருத்தினார். இரத்த வகையும் பொருந்தவில்லை. இரண்டே நாளில் அப்பெண் இறந்தார். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மரே இரட்டையரிடையே செய்த அறுவை வென்றது. அடுத்தடுத்த அறைகளில் நடந்ததால், அந்தச் சிறுநீரகம் இரத்தமின்றி இருந்தது 82 நிமிடந்தான்.

கொடையாளர் ஓர் ஊரிலும் நோயாளி வேறோர் ஊரிலும் இருந்தால் என்ன செய்வது? சான்பிரான்சிஸ்கோவில் ஃபோல்கெர்ட் பெல்சர் குளிர்ந்த பிளாஸ்மாவை இயந்திரத்தால் செலுத்தி, 1967-இல் நாய்ச் சிறுநீரகங்களை 72 மணி நேரம் காத்தார். விரைவிலேயே, 17 மணி நேரம் அப்படிக் காத்த மனிதச் சிறுநீரகமும் பொருத்தப்பட்டது. ஆனால் அந்த இயந்திரம் பெரியது, செலவும் அதிகம்.

1969-இல் லாஸ் ஏஞ்சலிசில் ஜெஃப்ரி காலின்ஸும் பால் தெரசாகியும் காட்டிய வழி எளிமையானது. குளிரில் செல்லின் சோடியம் பம்பு ஓய்ந்துவிடும். வெளியிலுள்ள சோடியமும் நீரும் உள்ளே புக, செல் வீங்கும். எனவே செல்லின் உட்புறத்தைப் போலவே பொட்டாசியம் மிகுந்த கரைசலைத் தயாரித்தார்கள். அதைத் தமனி வழியே செலுத்தினால் இரத்தம் வடிந்து உறுப்பு வெளிறும். பிறகு பனிக்கட்டியில் வைத்தால் போதும். நாய்ச் சிறுநீரகங்கள் 30 மணி நேரம் தாங்கின. சாதாரணப் பெட்டியில் உறுப்பு விமானம் ஏறத் தொடங்கியது. 1980களில் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் விஸ்கான்சினில் உருவாக்கிய கரைசல் அவகாசத்தை இன்னும் நீட்டியது.

அவகாசம் கிடைத்தது, சேதம் முழுதாக நிற்கவில்லை. மீண்டும் இரத்தம் பாயும்போதே பாதிப்பு வெளிப்படுகிறது: சில சமயம் சிறுநீரகம் உடனே இயங்காமல், முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்படுகிறது. 1995-இல் தெரசாகி குழு வெளியிட்ட கணக்கு இங்கே கவனிக்கத்தக்கது. திசுப் பொருத்தம் குறைவாக இருந்தும், கணவன் மனைவியரிடையே தரப்பட்ட சிறுநீரகங்களில் 85 விழுக்காடு மூன்றாண்டுகள் நிலைத்தன, இறந்தவர்களுடையவற்றில் 70. கெடாத உறுப்பே இதற்கு முக்கியக் காரணம் என்று அவர்கள் கருதினார்கள்.

ஐரோப்பாவில் 2009-இல் வெளியான சோதனையில், இயந்திரத்தில் வைத்த சிறுநீரகங்களில் 20.8 விழுக்காடும் பனியில் வைத்தவற்றில் 26.5 விழுக்காடும் தாமதமாக இயங்கின. பெல்சர் தொடங்கிய வழி மீண்டும் மதிப்புப் பெற்றது. குளிரில் 18 மணி நேரம் வரை இருந்தால் பெரிய பாதிப்பில்லை என்றது 2007-இல் ஓர் ஆய்வு. கூடும் ஒவ்வொரு மணி நேரமும் உறுப்பை இழக்கும் அபாயத்தைச் சிறிது ஏற்றுகிறது என்றது 2015-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு. எல்லை எங்கே என்பதில்தான் கருத்து வேறுபாடு. நீண்ட காத்திருப்பு கெடுதல் என்பதில் இல்லை.