ஃப்ரீலான்ஸ் இணையதள வடிவமைப்பில் பதிப்புரிமையும் பெயருரிமையும்

மாதச் சம்பளத்தில் இல்லாமல், வேலைக்கு வேலை தொகை பேசி இணையதளம் அமைத்துத் தருபவருக்கும் அதைச் செய்வித்தவருக்கும் இடையே, அந்தப் படைப்பு யாருக்குச் சொந்தம், அதைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும் உரிமை யாருக்கு என்பவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவது பதிப்புரிமை. (பேச்சு வழக்கில் பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது.) 'காசு கொடுத்தாயிற்று, தளம் என்னுடையது' என்று வாடிக்கையாளர் நினைப்பது இயல்பு. இந்தியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, படைத்தவரே முதல் உரிமையாளர். ஊழியர் தம் பணியில் செய்தது முதலாளிக்குச் சேரும். ஒளிப்படம், ஓவியம், திரைப்படம் போன்ற சிலவற்றைப் பணம் கொடுத்துச் செய்வித்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, செய்வித்தவருக்கே உரிமை. கணினி நிரல் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் அதை இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. கல்யாணத்தைப் படம் பிடித்தவருக்கு இல்லாத உரிமை, கல்யாண மண்டபத்தின் தளத்துக்கு நிரல் எழுதியவருக்கு இருப்பது இதனால்தான்.

உரிமையை மாற்றித் தர 19ஆம் பிரிவு எழுத்தும் கையொப்பமும் கேட்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். உலகெங்கும் திறக்கும் ஒரு தளத்துக்கு இந்த எல்லை சற்று வேடிக்கைதான். முழுத் தொகையும் கைக்கு வந்த பிறகே உரிமை மாறும் என்று எழுதிக்கொள்ளும் வடிவமைப்பாளர்கள் உண்டு. வேர்ட்பிரஸ், வாங்கிய தீம், எழுத்துருக்கள் ஆகியவை தத்தம் உரிமத்தின்கீழ் நிற்பவை. அவற்றை வடிவமைப்பாளர் எழுதிக்கொடுக்க முடியாது. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது கேள்விக்கு உரிய பெயருரிமை 57ஆம் பிரிவில் வருகிறது. பதிப்புரிமையை விற்ற பின்னும் 'இதைப் படைத்தவன் நான்' என்று உரிமை கோரலாம், தம் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கவும் செய்யலாம். புதுதில்லி விஞ்ஞான் பவனிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிதைந்த தம் சுவர்ச்சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவின் வழியேதான் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் எஞ்சிய சிற்பத்தைத் திருப்பித் தரவும் ஆணையிட்டது. அமெரிக்காவில் 1990இல் வந்த இதையொத்த சட்டம் ஓவியம், சிற்பம் போன்ற சில கலைப்படைப்புகளோடு நின்றுவிடுகிறது. இணையதளம் அதில் அடங்காது.

ஆனால் 'நான் செய்தேன்' என்று சொல்வதும், தளத்தின் படத்தைப் போர்ட்ஃபோலியோவில் போடுவதும் ஒன்றல்ல. பதிப்புரிமையை முழுதாக எழுதிக்கொடுத்தவர் தம் வேலையின் நகலைக் காட்டவே அனுமதி கேட்க வேண்டி வரலாம். இரகசிய ஒப்பந்தம் இருந்தாலோ, ஏஜென்சி ஒன்று தன் பெயரில் விற்க துணை ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தாலோ சிக்கல் இன்னும் கூடும். ஆகவே போர்ட்ஃபோலியோ அனுமதிக்கென ஒப்பந்தத்தில் தனி வரி சேர்ப்பதே பாதுகாப்பு. ஃபூட்டரில் பெயரும் இணைப்பும் போடுவது தொழில் வழக்கமே. பல தளங்களில் பரவிய அத்தகைய இணைப்புகள் தேடல் தரவரிசைக்காகப் போடப்பட்டால், கூகுள் அவற்றை ஸ்பாம் கணக்கில் வைக்கிறது.

வாடிக்கையாளர் நாளையே தளத்தைக் கலைத்து வேறொருவரிடம் கொடுக்கலாம். அதனால் ஒப்படைக்கும் நாளன்றே பக்கங்களைப் படமெடுத்து, தேதியையும் தம் பங்கு எதுவரை என்பதையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.