இடித்தவர்களுக்கு நிலம்... காப்பவர்களுக்கு? மதுரைக் கோட்டையும் கோபுரங்களும்

மதுரை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கோபுரம். ஆனால் மதுரை ஒரு கோட்டை நகரமாக இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கல்யாண ஜவுளி எடுக்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்திலிருந்து விளக்குத்தூணுக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 'விட்டவாசல்' என்று ஒரு பழைய கல் வாசல் நிற்கிறது. பாண்டியர் காலக் கோட்டையின் வாசல் அது. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் அந்தப் பழைய கோட்டையை இடித்துவிட்டு இன்னும் பெரிதாகப் புதிய கோட்டை கட்டியபோது இதை மட்டும் இடிக்காமல் விட்டதால் இந்தப் பெயர் என்கிறார்கள்.

புதிய கோட்டைக்கு 72 கொத்தளங்கள். ஒவ்வொரு கொத்தளத்தின் காவலும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது வழிவழியாக வரும் செய்தி. வெளியே அகழி. உள்ளே கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரம் சதுரமாக வீதிகள். 1764இல் யூசுப்கான் ஆங்கிலேயரையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றது இந்தக் கோட்டையை நம்பித்தான்.

இவ்வளவு பெரிய கோட்டை எங்கே போயிற்று? பீரங்கியால் தகர்க்கப்பட்டதா? இல்லை!

1801க்குப் பிறகு இந்தப் பகுதி முழுவதும் கம்பெனி கைக்கு வந்துவிட்டது. கோட்டைக்கு வேலை இல்லை. உள்ளே நெரிசல், அகழியில் தேங்கிய நீர், நோய். கலெக்டர் பிளாக்பர்ன் 1830களின் பிற்பகுதியில் ஒரு திட்டம் போட்டார். மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கு அந்த இடமே கிடைக்கும்! அவ்வளவுதான். சில ஆண்டுகளில் கோட்டை காணாமல் போய், அந்த இடத்தில் புதிய வீதிகள் முளைத்தன. இன்றைய வெளி வீதிகள் கோட்டை இருந்த வரிசையைத்தான் காட்டுகின்றன. அந்த வேலையைப் பார்த்த நில அளவையாளர் மாரட் பெயரில் மாரட் வீதி. பெருமாள் என்ற மேஸ்திரி பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்னுக்கு நன்றியாக எழுப்பிய நினைவுச் சின்னம்தான் விளக்குத்தூண்! கோட்டையை இடித்தவருக்குத் தூண் இருக்கிறது. கோட்டைக்கு மிச்சம் பெரியார் பேருந்து நிலையம் அருகே நிற்கும் மேற்குப் பக்கத்துத் துண்டு மட்டும்தான்.

பிளாக்பர்னைத் திட்டுவது எளிது. ஆனால் அன்றைய மக்களுக்கு அது நல்ல திட்டம். காற்று வந்தது, வீதி வந்தது, மனை வந்தது. இடிப்பதில் லாபம் இருந்தது, இடித்தார்கள்.

இப்போது கோபுரத்துக்கு வருவோம். கோயிலில் 14 கோபுரங்கள். 1559இல் கட்டப்பட்ட தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி. இவை எப்போதும் ஊருக்கு மேலே தெரிய வேண்டும் என்பதற்காக, கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டக் கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தது. 9 மீட்டர் என்றால் ஏறக்குறைய 30 அடி. கீழ்த்தளமும் இரண்டு மாடியும், அவ்வளவுதான். சுற்றியுள்ள கூரைகள் எல்லாம் அந்த மட்டத்தில் நின்றால்தான் உள்ளே இருக்கும் சின்னக் கோபுரங்களும் தெரியும்.

நல்ல விதிதான். ஆனால் விதியை மீறி எழும்பிய விடுதிகளும் கடைகளும் ஏராளம். விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது.

ஏன் மீறுகிறார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மாசி வீதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனைகள். ஒருவர் விதிப்படி இரண்டு மாடியோடு நிறுத்துகிறார். இன்னொருவர் ஐந்து மாடி கட்டி விடுதி நடத்துகிறார். மூன்று மாடி வாடகை இரண்டாமவருக்கு மாதாமாதம் வருகிறது. கோபுரக் காட்சியோ இருவருக்கும் பொது, ஊருக்கும் பொது, வருகிற பயணிக்கும் பொது. அந்தக் காட்சிக்கான செலவை மட்டும் விதியை மதித்தவர் தனியாகச் சுமக்கிறார்.

கோயில் பக்கத்தில் இருப்பதால்தானே அந்த மனைக்கு இவ்வளவு விலை, அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விலை மீறினவருக்கும்தான் கிடைக்கிறது. ஒழுங்காக இருந்தவருக்கு அதிகமாக எதுவும் இல்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மும்பையில் 1990களிலேயே, பாரம்பரியக் கட்டடம் வைத்திருப்பவர் தன் இடத்தில் கட்ட முடியாமல் போன தளப்பரப்பை உரிமையாக வாங்கி, அதை நகரின் வேறு பகுதியில் கட்டுகிறவருக்கு விற்கலாம் என்று வைத்தார்கள். லண்டனில் செயின்ட் பால் தேவாலயக் காட்சியை மறைக்காதபடி 1930களிலிருந்தே உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம், ஆற்றுப் பள்ளத்தாக்கின் நடுவே பெரிய பாலம் கட்டியதால் 2009இல் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நம் செஞ்சிக் கோட்டையோ 2025இல் மராட்டியக் கோட்டைகளோடு சேர்ந்து அந்தப் பட்டியலில் ஏறியது. இடிந்த கோட்டைக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மதுரை வீதிகளிலும் மேலே கட்டாமல் விட்ட மூன்று மாடிக்கு ஒரு விலை வைத்து, அதைப் புறநகரில் கட்டுகிறவர் வாங்கட்டும். மீறினவருக்கு அந்த உரிமை கிடையாது, மேல்மாடியும் கிடையாது. அப்போது கோபுரத்தைக் காப்பதும் ஒரு லாபக் கணக்காகிவிடும்.

கோட்டையை இடிக்க நிலம் கொடுத்தார்கள், சில ஆண்டுகளில் வேலை முடிந்தது. கோபுரத்தைக் காக்க வெறும் தடை உத்தரவு மட்டும் போதும் என்று எப்படி நம்புகிறோம்?