ஜப்பானியர் காலத்தில் கிறிஸ்தவ நம்பிக்கை

துன்பக் காலத்தில் மக்கள் எதைப் பற்றிக்கொண்டு நின்றார்கள் என்பதும் வரலாறுதான். 1942 முதல் 1945 வரை நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை எவ்வாறு காத்துக்கொண்டார்கள் என்று இன்று பார்ப்போம்.

அந்தப் போர் நம் யோங் பெங்கைத் தொட்டே சென்றது. 1942 ஜனவரியில் மூவார்ப் பக்கம் தோற்ற ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் யோங் பெங்கை நோக்கிப் பின்வாங்கினர். பாரிட் சூலோங் பாலமோ ஜப்பானியர் கையில் இருந்தது. நடக்க முடிந்தவர்கள் சதுப்பிலும் காட்டிலும் புகுந்து தப்பி வந்தனர். காயம்பட்டுப் பின்தங்கியவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் லெனார்ட் வில்சன் ஓர் ஆங்கிலேயர். ஆயினும் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் வெளியே இருந்து பணி செய்ய முடிந்தது. அதற்கு உதவியவர் ஒகாவா என்னும் ஜப்பானிய அதிகாரி. அவரும் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவரே. 1943 மார்ச்சில் வில்சனைச் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். அப்போது சபைப் பொறுப்பை ஏற்றவர் ஒரு தமிழர்: டாக்டர் டி. டி. செல்லையா. பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். 1940இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்வி தாய்மொழிகளை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் ஆய்வில் முன்வைத்த பரிந்துரை. தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும் நமக்கு அது இன்றும் இனிக்கிறது.

1943 அக்டோபரில் கெம்பித்தாய்க் காவலர் வில்சனைப் பிடித்துப்போய்ச் சித்திரவதை செய்தனர். போருக்குப் பின், தம்மைத் துன்புறுத்தியவர்களுள் ஒருவர் கிறிஸ்தவரானபோது, அவருக்குத் திடப்படுத்தல் சடங்கை வில்சனே நடத்திவைத்தார்.

அதே அக்டோபரில்தான் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில்பாதையும் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை வாரிக்கொண்டு போயின. லயங்களில் காத்திருந்த தாய்மாருக்குக் கடிதமும் இல்லை, சேதியும் இல்லை.

நேயர்களே, போர் 1945இல் முடிந்தது என்பது நமக்குத் தெரியும். செல்லையாவுக்கோ வில்சனுக்கோ அந்தத் தாய்மாருக்கோ அது தெரியாது. நாளையே விடியும் என்று அவர்களுக்கு யாரும் உறுதி சொல்லவில்லை. கிறிஸ்தவ மறையில் நம்பிக்கை என்பது, நடப்பதெல்லாம் நன்றாகவே நடக்கும் என்ற எண்ணமன்று. சிலுவையை மறைக்காமல் உயிர்த்தெழுதலைப் பேசுவது அது. அதனால்தான் முடிவு தெரியாமலே அன்றைய கடமையை அவர்களால் செய்ய முடிந்தது. அந்த விதை முளைக்கவும் செய்தது. சாங்கிச் சிறையில் ஒன்றாக அடைபட்டிருந்த பல சபையினர் கண்ட கனவே, 1948இல் சிங்கப்பூரில் டிரினிட்டி இறையியல் கல்லூரியாக எழுந்தது.

ஆனால் ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே மாண்ட நம் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் தாங்கிய ஒரு கல்லும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறப்பையும் இறப்பையும் வேதப் புத்தகத்தின் முதல் ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. எந்தச் சமயத்தவராயினும், சயாம் போய்த் திரும்பாத பாட்டனாரின் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இன்றே எழுதிவையுங்கள். போனவர்களை மறவாதிருப்பதும் நம்பிக்கையின் ஒரு வேலைதான்.