முக்கூடல்–மருதூர் ஆற்றுக்கரை வழி

திருநெல்வேலிக்கு வடகிழக்கே, தாமிரபரணியின் இரு கரைகளிலுமாக இராஜவல்லிபுரம், சீவலப்பேரி, மருதூர், முறப்பநாடு ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் நடைவழி இது. சுற்றுலாவுக்கென்று யாரும் இதைப் போடவில்லை. வயலுக்கும் படித்துறைக்கும் கோயிலுக்கும் ஊரார் போய்வந்ததில் உண்டான தடங்களும் வாய்க்கால் கரைகளும் சேர்ந்ததே இவ்வழி.

மேற்கு முனையான இராஜவல்லிபுரத்தில் செப்பறை நடராசர் கோயில் ஆற்றோரம் நிற்கிறது. சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை (1896) இவ்வூரில் பிறந்தவர். எழுத்தாளர் வல்லிக்கண்ணனுக்கும் (பிறப்பு 1920) இதுவே சொந்த ஊர். தமிழுக்கு முதல் சாகித்திய அகாதமி விருதை 1955-இல் பெற்றுத் தந்தது சேதுப்பிள்ளையின் ‘தமிழ் இன்பம்’.

சீவலப்பேரிதான் இவ்வழியின் நடு. ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் பெயரால் அமைந்த பேரேரியே ஊருக்குப் பெயரானது என்பர். குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு இங்கே தாமிரபரணியில் சேருகிறது. மூன்றாவதாகக் கோதண்டராம நதியையும் சேர்த்து முக்கூடல் என்பது வழக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் பீடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற முக்கூடல் வேறு. பெயரை நம்பி அங்கே போய் இறங்குவோர் உண்டு. ஊர்க்காரர்களுக்குச் சீவலப்பேரி முதலில் சுடலைமாடன் கோயில் ஊர். கொடை நாட்களில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். 2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி புஷ்கரத்தின்போது நீராடவந்த கூட்டமும் இங்கே திரண்டது.

இவ்வழிக்குக் கிடைத்த மிகச் சிறந்த கையேடு, உழவரைப் பாடும் முக்கூடற்பள்ளு என்னும் பழைய நூல். அதில் வரும் பள்ளனின் இரு மனைவியரில் மூத்த பள்ளி முக்கூடலைச் சேர்ந்தவள், திருமாலாகிய அழகரைக் கும்பிடுபவள். இளையவள் மருதூர்க்காரி, சிவனை வணங்குபவள். ஒருத்தி ஆசூர் வடகரை நாட்டைப் பாட, மற்றவள் சீவலமங்கைத் தென்கரை நாட்டைப் பாடுகிறாள். மழைக்குறி, ஆற்று மீன்கள், நெல்வகைகள், மாடுகள் என்று இந்தப் பள்ளத்தாக்கின் இயற்கையை இவ்வளவு நெருக்கமாகப் பதிந்த நூல் வேறு எது? அதே நூலில்தான் வேலைக்கு வராத பள்ளனைப் பண்ணைக்காரன் தொழுக்கட்டை என்னும் தண்டனைக் கட்டையில் மாட்டுகிறான். வயல்களின் அழகைப் பேசும்போது அவற்றை உழுதவர்களின் அடிமைநிலையை விட்டுவிடுவது நேர்மையாகாது.

மருதூர் அணைக்கட்டு, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஏழாவது. ஏறத்தாழ 4,000 அடி நீளமுள்ள கல் அணை. ஆற்றை நேர்க்கோட்டில் அடைக்காமல் வளைந்து கிடக்கிறது. மேலக்கால், கீழக்கால் என இரண்டு வாய்க்கால்கள் இங்கே பிரிகின்றன. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணை மட்டுமே ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. தென்மேற்குப் பருவமழையில் கார் சாகுபடி, வடகிழக்கில் பிசானம் என இரு போகத்துக்கும் இந்த அமைப்பே ஆதாரம். வாய்க்கால் கரையில் நடப்பவருக்கு நிழல் தருபவை பெரும்பாலும் பனையும் மருதமும். பிசானப் பயிர் நிற்கும் தை, மாசி மாதங்களில் நாரைகளையும் அரிவாள்மூக்கன்களையும் வயலில் பார்க்கலாம். நடக்க ஏற்ற காலமும் அதுவே.

நவகைலாயங்கள் எனப்படும் ஒன்பது சிவன் கோயில்களில் ஐந்தாவதான முறப்பநாடு கைலாசநாதர் கோயிலைத் தாண்டினால் நிலம் சட்டென்று மாறுகிறது. நஞ்சைப் பசுமை முடிந்து வல்லநாட்டுக் குன்றும் முள்காடும் தொடங்குகின்றன. அங்கே 16.41 சதுர கிலோமீட்டர் பரப்பை 1987-இல் வெளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள். இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் தென்கோடி இதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் ஆற்றோரத் தடங்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. அதே ஆறு கோடையில் மெலிந்து ஓடும்போதும், சீவலப்பேரியில் எடுக்கும் தண்ணீர் குழாய் வழியே கரிசல்காட்டுக் கோவில்பட்டிக்குக் குடிநீராகப் போகிறது.