நீங்க தூங்கும்போது மூளையில் நடக்கும் 'க்ளீனிங்' வேலை!

'இந்த ஒரு ரீல்ஸ் மட்டும் பார்த்துட்டு தூங்கிடலாம்'னு நினைச்சு, மணி 2 ஆகிடுதா? தள்ளிப்போவது தூக்கம் மட்டுமல்ல. மூளை தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரமும்தான்.

மூளையில் என்ன குப்பை?

உடல் எடையில் மூளை வெறும் 2 சதவிகிதம்தான். ஆனால், உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவிகிதத்தை அதுவே செலவழிக்கிறது. இவ்வளவு வேலை நடந்தால் கழிவும் சேரத்தானே செய்யும்? அதில் முக்கியமானது, பீட்டா அமிலாய்டு என்ற புரதம்.

எப்படி வெளியேறுது?

2012-ல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கென் நெடர்கார்ட் குழுவினர் எலிகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். ரத்தக்குழாய்களை ஒட்டிய இடைவெளி வழியாக மூளைத் தண்டுவட திரவம் உள்ளே பாய்ந்து, கழிவுகளை அடித்துக்கொண்டு போகிறது. இதற்கு 'கிளிம்ஃபாடிக் சிஸ்டம்' என்று பெயர். எலிகள் தூங்கும்போது செல்களுக்கு இடையிலான இடம் சுமார் 60 சதவிகிதம் விரிவதாகவும், பீட்டா அமிலாய்டு இரு மடங்கு வேகத்தில் வெளியேறுவதாகவும் 2013-ல் இதே குழு சொன்னது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2024 எலி ஆய்வோ, தூக்கத்தில் இந்த வேலை குறைகிறது என்றது. விவாதம் இன்னும் முடியவில்லை.

குப்பை தேங்கினால்?

பீட்டா அமிலாய்டு கட்டி கட்டியாகப் படியும். அதை அகற்ற 'மைக்ரோக்ளியா' எனும் மூளையின் காவல் செல்கள் வரும். இந்தச் சண்டை வருடக்கணக்கில் நீண்டால் அழற்சி உண்டாகி, நல்ல நரம்பு செல்களும் பாதிக்கப்படும். அல்சைமர் நோயில் இதுதான் நடக்கிறது. மறதி வெளியே தெரிய 15, 20 வருஷம் முன்பே இந்தப் படிவு தொடங்கிவிடுகிறது.

அப்போ என்ன செய்யணும்?

பிரிட்டனில் சுமார் 8,000 பேரை 25 வருடங்கள் கவனித்த ஆய்வு 2021-ல் வெளியானது. 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதி நோய் ஆபத்து 30 சதவிகிதம் அதிகம். இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. அதனால ஒருநாள் தூக்கம் கெட்டதுக்காக பயப்பட வேண்டாம். அதுவே பழக்கமாகாமல் பார்த்துக்கோங்க.

* தினமும் ஒரே நேரத்தில் படுங்க. 7 மணி நேரமாவது தூங்குங்க.
* நைட் ஷிஃப்ட்டா? பகல் தூக்கத்துக்கு இருட்டான அறையும் நிலையான நேரமும் முக்கியம்.
* பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சுத்திணறல் இருந்தால் டாக்டரைப் பாருங்க.
* உடற்பயிற்சியை விடாதீங்க. பிபி-யைக் கட்டுக்குள் வைங்க.

இன்னிக்கு ராத்திரி போனை சார்ஜில் போடும்போது, கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் படுத்துப் பாருங்களேன்!