சாந்திவனமும் ‘தியானம்’ என்னும் சொல்லும்

கொங்கு மண்டலத்தின் கிழக்கெல்லை குளித்தலை என்பது பழைய வழக்கு. அவ்வூரை அடுத்துக் காவிரிக்கரையில் உள்ளது தண்ணீர்பள்ளி. 1950 மார்ச்சு 21ஆம் நாள், ஜூல் மோன்ஷானின், ஆன்றி லெ சோ என்னும் பிரெஞ்சுக் குருமார் இருவர் அங்கே சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என மக்கள் வழங்குவது இதனையே. காவியுடுத்து, எளிய குடிலில் வாழ்ந்த அவ்விருவரையும் ஒரு வினா விடாது தொடர்ந்தது. கிறித்தவர் கூறும் தியானமும் இந்நாட்டார் கூறும் தியானமும் ஒன்றுதானா?

இவ்வினாவுக்கு விடை காணச் சொல்லின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். தமிழ் விவிலியத்தின் முதற் சங்கீதத்தில் தியானம் என்று பெயர்க்கப்பட்டிருப்பது ‘ஹாகா’ என்னும் எபிரேயச் சொல். அதன் பொருள் முணுமுணுத்தல்; மறைமொழியை வாய்க்குள் ஓயாது சொல்லிக்கொண்டிருத்தல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்னும் மேலைத் துறவி அருள்வாழ்வின் ஏணிக்கு நான்கு படிகள் வகுத்தார்: மறைநூலை வாசித்தல், அதனை அசைபோட்டுச் சிந்தித்தல், இறைவனை வேண்டுதல், சொல்லடங்கி அவனில் இளைப்பாறுதல். மேலைத் திருச்சபையில் தியானம் எனப்பட்டது இவற்றுள் இரண்டாம் படியே.

பதஞ்சலியார் வகுத்த எட்டு உறுப்புகளுள் தியானம் ஏழாவது. சித்தம் ஒன்றன்மீதே இடையறாது ஒழுகும் நிலை அது. ஆராய்ச்சிக்கு அங்கே இடமில்லை. திருமூலரும் அட்டாங்க யோகத்துள் இதனை வைத்துப் பாடினார். ஆகவே யோகியின் தியானத்துக்கு நெருங்கிய உறவு கிறித்தவரின் நான்காம் படியோடுதான். சொல் ஒன்றாயினும் அது சுட்டும் படி வேறு. இவ்வேறுபாட்டை உணராமையால் விளைந்த வாதங்கள் பல.

எனினும் படிகளைப் பொருத்திவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. அத்துவிதத்தின் முடிவில் காண்பானும் காணப்படுவதும் என்னும் இருமை அற்றுப்போகிறது. கிறித்தவத்திலோ மௌனத்தின் ஆழத்திலும் அன்பு செய்யும் இறைவனும் அன்பைப் பெறும் உயிரும் நிற்கின்றனர்; கூடுவிப்பது இறையருள். அருளால் கூடியும் உயிர் சிவமாகிவிடாது எனக் கூறும் சைவ சித்தாந்தம் இவ்வகையில் கிறித்தவத்துக்கு அணுக்கமாக நிற்பது எண்ணத்தக்கது.

லெ சோவுக்கு இது ஏட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. 1949இல் திருவண்ணாமலையில் இரமண மகரிசியைக் கண்டது முதல், அருணாசலக் குகைகளின் மௌனம் அவரை ஈர்த்தது. அபிசித்தானந்தர் எனப் பெயர் பூண்ட அவர், அத்துவித அனுபவத்துக்கும் திரித்துவ நம்பிக்கைக்கும் இடையே பல்லாண்டு உள்ளம் நொந்தார். மோன்ஷானினோ அவ்விரண்டும் எளிதில் இணையா என அஞ்சினார்; 1957இல் மறைந்தார். லெ சோ வடக்கே இமயச் சாரலை நாடிச் சென்று, 1973இல் இந்தூரில் மறைந்தார். 1968இல் பொறுப்பேற்ற ஆங்கிலேயத் துறவி பீடு கிரிபித்சு 1993இல் மறையும்வரை ஆசிரமத்தை நடத்தினார்.

உரோமைத் திருச்சபை 1965இல் இந்துக்களின் ஆழ்ந்த தியானத்தை மதிப்புடன் குறிப்பிட்டது. 1989இல் கீழை முறைகளை ஆய்ந்து கொள்ளுமாறு ஆயர்களுக்கு எச்சரிக்கை மடல் விடுத்தது. மதிப்பும் அச்சமுமாகிய இவ்விரண்டும் அதற்கு முன்பே காவிரிக்கரைக் குடிலொன்றில் இரு நண்பர்களிடையே வாழ்ந்திருந்தன. பிற சமயத்தாரின் சொல்லை எடுத்து ஆள்வோர் அதன் அனுபவத்துக்கும் விலை கொடுக்க நேரும் என்பதற்கு அவர்தம் வாழ்வே சான்று.